கார்டு ரீடரைச் செருகியும் லினக்ஸில் ஒன்றும் தெரியவில்லையா?

கேமராவிலிருந்தோ கைபேசியிலிருந்தோ கழற்றிய மெமரி கார்டை ஒரு யுஎஸ்பி ரீடரில் பொருத்தி, உபுண்டு, டெபியன், ஃபெடோரா என ஏதேனும் ஒரு லினக்ஸ் இயங்கும் கணினியில் செருகினால், பெரும்பாலும் சில நொடிகளில் கோப்பு மேலாளரின் இடப்பக்கத்தில் அது தோன்றிவிடும். தோன்றாதபோது, விண்டோஸில் பழகியவர்கள் முதலில் கேட்பது, "இந்த ரீடருக்கு லினக்ஸ் டிரைவர் எங்கே கிடைக்கும்?" என்பதுதான். ரீடரோடு வந்த சிறிய சிடியில் விண்டோஸுக்கான டிரைவர் மட்டும் இருப்பதைப் பார்த்துவிட்டு, லினக்ஸில் இது ஓடவே ஓடாது என்று ஒதுக்கி வைத்துவிடுபவர்களும் உண்டு. அந்தச் சிடி விண்டோஸ் 98 காலத்துத் தேவை. அதற்குப் பிந்தைய விண்டோஸ் பதிப்புகளுக்கே அது வேண்டியிருக்கவில்லை.

பிழை பெரும்பாலும் டிரைவரில் இருப்பதில்லை. செருகுவதற்கும் கோப்புகள் கண்ணில் படுவதற்கும் இடையில் ஐந்து வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தாக வேண்டும். ரீடரைக் கணினி அடையாளம் காண வேண்டும். ரீடருக்குள் கார்டு இருப்பது தெரிய வேண்டும். கார்டின் பகிர்வுகளை, அதாவது அதன் இடம் பிரிக்கப்பட்டிருக்கும் பகுதிகளை (பார்ட்டிஷன்), படிக்க வேண்டும். பகிர்வில் இருக்கும் கோப்பு முறைமை, அதாவது கோப்புகள் அடுக்கப்பட்டிருக்கும் முறை, புரிய வேண்டும். கடைசியாக, அந்தக் கோப்பு முறைமை ஓர் அடைவில் (ஃபோல்டரில்) ஏற்றப்பட வேண்டும். இவற்றில் எது நின்றுபோனாலும் கோப்பு மேலாளரில் தெரிவது ஒரே வெறுமைதான். எந்த இடத்தில் நின்றது என்று கண்டுபிடித்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்ததாகவே கொள்ளலாம். அதைக் கண்டுபிடிக்கத் தேவையான தடயங்களை லினக்ஸ் ஒளித்து வைப்பதும் இல்லை.

ரீடர் வேறு, கார்டு வேறு

பென் டிரைவில் நினைவகமும் அதைக் கட்டுப்படுத்தும் சில்லும் ஒரே உறைக்குள் இருக்கின்றன. கார்டு ரீடரில் அப்படியில்லை. ரீடர் தனியொரு கருவி, கார்டு தனியொரு கருவி. கணினி நேரடியாகப் பேசுவது ரீடரிடம் மட்டுமே. கார்டோடு அதற்குரிய மின்முறையில் பேசி, கிடைத்ததை யுஎஸ்பி வழியாக அனுப்புவது ரீடரில் உள்ள சில்லின் பொறுப்பு.

எல்லாத் தயாரிப்பாளர்களும் தத்தம் விருப்பப்படி பேசத் தொடங்கினால் ஒவ்வொரு ரீடருக்கும் ஒரு டிரைவர் எழுத வேண்டியிருக்கும் என்பதால், யுஎஸ்பி தரம் 'மாஸ் ஸ்டோரேஜ்' என்ற பொது வகுப்பை வரையறுத்தது. அந்த வகுப்பின் எண் 08. தன்னை இந்த வகுப்பென்று அறிவித்துக்கொள்ளும் எந்தக் கருவியையும், அது பென் டிரைவோ வெளி ஹார்டு டிஸ்கோ கார்டு ரீடரோ, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் உள்ள யுஎஸ்பி-ஸ்டோரேஜ் என்ற ஒரே டிரைவர் பெரும்பாலும் பார்த்துக்கொள்கிறது. உள்வகுப்பு எண் 06 என்று இருந்தால், கருவி ஸ்கசி கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் என்று பொருள். ஸ்கசி என்பது சிறு கணினிகளின் வட்டுகளுக்காக 1986-இல் தரமாக்கப்பட்ட கட்டளைத் தொகுப்பு. நகக்கண் அளவேயுள்ள மைக்ரோஎஸ்டி கார்டிடம் "நீ யார்?", "தயாரா?", "உன் கொள்ளளவு என்ன?" என்று கணினி கேட்கும் கேள்விகள் இன்றும் அந்தத் தொகுப்பிலிருந்தே வருகின்றன. பழைய தரங்களைக் கேலி செய்பவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

ஆக, விலை மலிந்த, பெயரே அச்சிடப்படாத ரீடராக இருந்தாலும், அது 08 என்ற வகுப்பைச் சேர்ந்ததாக இருக்கும்வரை டிரைவர் தேடி அலைய வேண்டியதில்லை. விதிவிலக்குகள் உள்ளன. சில மடிக்கணினிகளுக்குள், வெளியில் தெரியாமல் யுஎஸ்பி வழியாகவே இணைக்கப்பட்டிருக்கும் ரியல்டெக் நிறுவன ரீடர்களில் சில, பொது வகுப்பைச் சொல்லாமல், தயாரிப்பாளரின் தனி வகுப்பைக் குறிக்கும் 255 என்ற எண்ணைச் சொல்லும். அவற்றுக்கென ஒரு தனி டிரைவர் கெர்னலிலேயே உள்ளது, ஆனால் மிகப் பழைய கெர்னல்களில் இருக்காது. அத்தகைய ரீடரில் இட்ட கார்டின் பெயரும் மாறிவிடும். பொது வகுப்பு ரீடரில் கார்டு 'எஸ்டிபி', 'எஸ்டிசி' என வட்டுகளுக்குரிய பெயரைப் பெறும். இங்கோ 'எம்எம்சிபிஎல்கே0' என்ற பெயரில் வந்து நிற்கும். எஸ்டிபி என்ற பெயரையே தேடிக்கொண்டிருப்பவர், பக்கத்திலேயே இருக்கும் கார்டைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்.

கெர்னல் சொல்வதைக் கேட்பது

முனையத்தை (டெர்மினல்) திறந்து, டி, எம், ஈ, எஸ், ஜி என்ற ஐந்து ஆங்கிலச் சிற்றெழுத்துகளை இடைவெளியின்றித் தட்டினால் கெர்னலின் பதிவேடு திரையில் ஓடும். பல வழங்கல்களில், அதாவது உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகளில், இதற்கு நிர்வாகி அனுமதி வேண்டும் என்பதால் முன்னால் சுடோ என்ற சொல்லைச் சேர்க்க வேண்டியிருக்கும். கட்டளைக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறியும் டபிள்யூ எழுத்தும் சேர்த்தால், பழைய வரிகளைக் காட்டியதோடு நின்றுவிடாமல் புதிதாக நடப்பதையும் உடனுக்குடன் காட்டிக்கொண்டிருக்கும். அதை ஓடவிட்டபடியே, கார்டு இல்லாத வெற்று ரீடரை முதலில் செருகிப் பாருங்கள். கார்டை அப்புறம் இடலாம். இரண்டையும் பிரித்துச் செய்வதில்தான் இந்தச் சோதனையின் பயனே இருக்கிறது.

ரீடரைச் செருகியதும், புதிய 'ஹை-ஸ்பீட்' யுஎஸ்பி கருவி ஒன்று வந்திருப்பதாக ஒரு வரி வரும். ஹை-ஸ்பீட் என்றால் நொடிக்கு 480 மெகாபிட், அதாவது யுஎஸ்பி 2.0. 'சூப்பர்-ஸ்பீட்' என்றால் யுஎஸ்பி 3. 'ஃபுல்-ஸ்பீட்' என்று வந்தால் மகிழ வேண்டாம். அது நொடிக்கு 12 மெகாபிட் மட்டுமே. அந்த வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 1 மெகாபைட்தான் நகரும் என்பதால், 16 ஜிபி கார்டு ஒன்றை நகலெடுக்க நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். யுஎஸ்பி 2.0 ரீடர் ஃபுல்-ஸ்பீடில் பிடிபட்டால், கேபிளையோ துளையையோ மாற்றிப் பார்க்க வேண்டும்.

அடுத்து, மாஸ் ஸ்டோரேஜ் கருவி கண்டறியப்பட்டதாக ஒரு வரி வரும். இது வந்துவிட்டால் டிரைவர் பற்றிய கவலையை அங்கேயே விட்டுவிடலாம். அதன்பின் 6:0:0:0 என்பது போல் நான்கு எண்கள் கொண்ட முகவரியும், ரீடரின் பெயரும், [எஸ்டிபி] என்ற அடைப்புக்குறிப் பெயரும், 'ரிமூவபிள் டிஸ்க்' என்ற சொற்களும் அமைந்த வரிகள் தொடரும்.

இப்போது கார்டை இடுங்கள். ஓரிரு நொடிகளில், 31116288 எண்ணிக்கையில் 512 பைட் கட்டங்கள், 15.9 ஜிபி, 14.8 ஜிஐபி என்று ஒரு வரி வர வேண்டும். எண் உங்கள் கார்டுக்கு ஏற்ப மாறும். வரியின் அமைப்பு மாறாது. கொள்ளளவு சரியாக வந்துவிட்டால் கார்டு உயிரோடு இருக்கிறது, ரீடர் அதோடு பேசிவிட்டது என்று உறுதி கொள்ளலாம். 16 ஜிபி என்று அச்சிட்ட கார்டு 14.8 ஆகக் குறைந்துவிட்டதே என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். தயாரிப்பாளர் 1000-இன் மடங்குகளில் எண்ணுகிறார், ஜிஐபி என்ற அளவு 1024-இன் மடங்குகளில் எண்ணுகிறது. பைட்டுகள் அதே பைட்டுகள்தான். அதற்கும் அடுத்த வரியில் எஸ்டிபி, எஸ்டிபி1 என்று வந்தால் பகிர்வும் படிக்கப்பட்டுவிட்டது.

ரீடரைச் செருகியதுமே 'டிஸ்கிரிப்டர் ரீட்' என்ற சொற்களோடு -71 அல்லது -110 என்ற பிழை எண் வந்தால், சிக்கல் கார்டு வரைக்கும் போகவேயில்லை. முதலாவது எண் யுஎஸ்பி உரையாடல் குழறியதையும், இரண்டாவது எண் பதில் வராமல் காலம் கடந்ததையும் குறிக்கும். தளர்ந்த கேபிள், தேய்ந்த துளை, தனி மின்னிணைப்பு இல்லாத ஹப்பில் நான்கைந்து கருவிகளைத் தொங்கவிட்டிருப்பது ஆகியவையே பெரும்பாலும் காரணம். யுஎஸ்பி 2.0 துளை ஒன்று தரக்கூடிய மின்னோட்டம் தரப்படி 500 மில்லிஆம்பியர். அதை ஹப் பங்குபோட்டுக் கொடுத்தால் ரீடருக்கு என்ன மிஞ்சும்? கணினியின் பின்புறத் துளையில் நேரடியாகச் செருகிப் பார்த்துவிட்டே மேற்கொண்டு எதையும் செய்ய வேண்டும்.

பதிவேட்டில் ஒரு வரிகூட அசையவில்லை என்றால் ரீடர் பழுதாகியிருக்க வேண்டும், அல்லது துளை பழுதாகியிருக்க வேண்டும். இதற்கு மென்பொருளில் மருந்தில்லை.

பல துளை ரீடரும் காலி வீடுகளும்

எஸ்டி, மைக்ரோஎஸ்டி, காம்பாக்ட் ஃபிளாஷ், மெமரி ஸ்டிக் என நான்கு துளைகள் கொண்ட ரீடரைச் செருகினால், கார்டு எதுவும் இடாத நிலையிலேயே எஸ்டிபி முதல் எஸ்டிஈ வரை நான்கு வட்டுகள் முளைத்துவிடுவதுண்டு. எல், எஸ், பி, எல், கே என்ற எழுத்துகளைச் சேர்த்துத் தட்டும் கட்டளை வட்டுகளின் பட்டியலைத் தரும். அதில் சில பதிப்புகள் கொள்ளளவு 0 என்று காட்டும், சில பதிப்புகள் வெற்று வட்டுகளைப் பட்டியலில் சேர்க்காமலே விட்டுவிடும். ஒரு தெருவில் கதவிலக்கம் ஒட்டிய வீடுகள் வரிசையாக இருந்து, குடியிருப்பவர் மட்டும் இன்னும் வராத நிலை இது. துளை ஒவ்வொன்றும் ஸ்கசி முறையில் ஒரு 'லன்' எண் பெறுகிறது. 6:0:0:0 என்ற முகவரியின் கடைசி எண் அதுதான். 6:0:0:2 என்றால் அதே ரீடரின் மூன்றாவது துளை.

பழைய இணையப் பக்கங்களைப் படித்துக் குழம்புபவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். 2.4 வரிசைக் கெர்னல்களின் காலத்தில், எல்லா லன் எண்களையும் தேடிப் பார்க்கும் வசதி தனியே இயக்கப்பட வேண்டியதாக இருந்தது. அது இயக்கப்படாத கணினியில் பல துளை ரீடரின் முதல் துளை மட்டும் வேலை செய்யும், மற்றவை செத்தவைபோல் கிடக்கும். கெர்னலை மீண்டும் தொகுக்கச் சொல்லியும், 'மேக்ஸ்-லன்ஸ்' என்ற அளவைக் கூட்டச் சொல்லியும் எழுதப்பட்ட அறிவுரைகள் அன்று மிகச் சரியானவை. இன்றைய கெர்னல் கேட்காமலே எல்லாத் துளைகளையும் தேடிவிடுகிறது. அந்த அறிவுரைகளை இப்போது பின்பற்றுவதால் கேடு ஏதுமில்லை, பயனும் இல்லை.

கார்டை இட்டதைக் கணினி எப்படி அறிகிறது என்பதும் தெரிந்துகொள்ளத் தக்கது. ரீடரைச் செருகுவது யுஎஸ்பி நிகழ்வு. அது உடனே தெரிந்துவிடும். ஏற்கெனவே செருகிய ரீடருக்குள் கார்டை இடுவது யுஎஸ்பி நிகழ்வன்று. ஆகவே, "உள்ளே ஏதும் வந்ததா?" என்று ரீடரைக் கெர்னல் அவ்வப்போது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இன்றைய வழங்கல்களில் இந்த இடைவெளி வழக்கமாக 2000 மில்லிநொடி, அதாவது 2 நொடி. அதனால்தான் கார்டை இட்டபின் சற்றுத் தாமதம் தெரிகிறது. சில ரீடர்கள் இந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்வதில்லை. அவற்றில் கார்டை முதலில் இட்டுவிட்டு ரீடரை அப்புறம் செருகினால் எல்லாம் சரியாகிவிடும். அழகான தீர்வன்று, ஆனால் காசு செலவில்லாதது.

ரீடருக்கு வயதாகிவிட்டதா?

கொள்ளளவு வரி வராமல் போவதற்கு இன்னொரு காரணம் கார்டின் தலைமுறை. தொடக்ககால எஸ்டி கார்டுகளில் தரவின் இடத்தைப் பைட் எண்ணால் குறித்தார்கள். அந்தத் தரத்தின் வரம்பு 2 ஜிபி. 2006-இல் வந்த எஸ்டிஎச்சி, பைட்டுக்குப் பதில் 512 பைட் கட்டத்தை அலகாகக் கொண்டு முகவரியை எழுதியதால், அதே 32 பிட் எண்ணைக் கொண்டே 2 டெராபைட் வரை எட்ட முடிந்தது. ஆனால் அதற்கு முந்தைய ரீடர்களுக்கு இந்தப் புதிய கணக்கு தெரியாது. அவற்றில் 8 ஜிபி கார்டை இட்டால், இல்லாத கார்டைப் போலவோ தவறான கொள்ளளவோடோ தோன்றும். இது ரீடருக்குள் உள்ள சில்லின் குறை. விண்டோஸிலும் அதே கதைதான், லினக்ஸ் பதிப்பை மாற்றுவதாலும் தீராது. புதிய ரீடர் வாங்குவதே வழி.

எஸ்டிஎச்சி 32 ஜிபி வரை, 2009-இல் அறிவிக்கப்பட்ட எஸ்டிஎக்ஸ்சி 2 டெராபைட் வரை. இந்த இரண்டுக்கும் இடையில் முகவரி முறை மாறவில்லை என்பதால், எஸ்டிஎச்சி என்று மட்டும் எழுதியிருக்கும் ரீடர்கள் பல 64 ஜிபி கார்டையும் படித்துவிடுகின்றன. வேறுபாடு கோப்பு முறைமையில் வருகிறது. லினக்ஸ் பயனர்கள் அதிகம் இடறி விழும் இடமும் அதுதான்.

எக்ஸ்ஃபேட் என்ற முட்டுக்கட்டை

தரத்தின்படி, 32 ஜிபி வரையிலான எஸ்டிஎச்சி கார்டுகள் ஃபேட்32 கோப்பு முறைமையோடும், 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள எஸ்டிஎக்ஸ்சி கார்டுகள் எக்ஸ்ஃபேட் கோப்பு முறைமையோடும் விற்பனைக்கு வருகின்றன. ஃபேட்32 லினக்ஸுக்கு நெடுநாள் பழக்கம். எக்ஸ்ஃபேட் அப்படியில்லை. மைக்ரோசாஃப்ட் 2006-இல் கொண்டுவந்த இந்த முறைமை காப்புரிமைகளுக்கு உட்பட்டிருந்ததால், கெர்னலுக்குள் அதைச் சேர்க்க முடியாத நிலை பல ஆண்டுகள் நீடித்தது. கெர்னலுக்கு வெளியே, ஃபியூஸ் என்ற ஏற்பாட்டின் வழியாக இயங்கும் எக்ஸ்ஃபேட்-ஃபியூஸ் என்ற தொகுப்பைப் பயனரே நிறுவிக்கொள்ள வேண்டியிருந்தது. 2019 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்ஃபேட்டின் முழு விவரக்குறிப்பையும் வெளியிட்டு, அது லினக்ஸ் கெர்னலில் சேர்வதை வரவேற்பதாகவும் அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் வந்த 5.4 கெர்னலில் சோதனை நிலையில் ஒரு டிரைவர் சேர்ந்தது; சாம்சங் எழுதித் தந்த செம்மையான டிரைவர் 2020 மே மாதம் வெளியான 5.7-இல் அதன் இடத்தைப் பிடித்தது.

எனவே, 32 ஜிபி கார்டு வேலை செய்கிறது, அதே ரீடரில் 64 ஜிபி கார்டு வேலை செய்யவில்லை என்றால், ரீடரைக் குறை சொல்வதற்கு முன் கெர்னலின் வயதைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்ததைப் பலர் அறிவார்கள். அவற்றில் 2019-க்கு முன் வழங்கப்பட்டவை புதுப்பிக்கப்படாமல் அப்படியே இருந்தால், எக்ஸ்ஃபேட் கார்டை அவற்றின் கெர்னலால் தானாகப் படிக்க இயலாது. கொள்ளளவு வரி வரும், எஸ்டிபி1 என்ற பகிர்வும் வரும், ஏற்ற முயலும்போது மட்டும் கோப்பு முறைமையின் வகை தெரியவில்லை என்ற பொருளில் ஒரு பிழை வந்து நிற்கும். எக்ஸ்ஃபேட்-ஃபியூஸ் தொகுப்பை நிறுவினாலோ வழங்கலைப் புதுப்பித்தாலோ சிக்கல் தீரும். கார்டை ஃபேட்32-ஆக மாற்றி வடிவமைத்துவிடலாம் என்ற யோசனையும் சொல்லப்படுவதுண்டு. கார்டில் உள்ளவை அழிந்துவிடும் என்பதோடு, ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் வளர முடியாது என்பதையும் நினைவில் கொண்டே அதைச் செய்ய வேண்டும்.

வேறொரு வகை வெறுமையும் உண்டு. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6.0 முதல், மைக்ரோஎஸ்டி கார்டைக் கைபேசியின் உள் நினைவகமாகவே வடிவமைத்துக்கொள்ளும் வசதி சில கைபேசிகளில் உள்ளது. அப்படி வடிவமைத்த கார்டின் தரவு மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். திறவுகோல் கைபேசிக்குள் இருக்கும். ரீடரில் இட்டால் பகிர்வுகள் தெரியும், உள்ளடக்கம் எந்தக் கணினிக்கும் புரியாது. இந்தக் கட்டத்தில் "கார்டு கெட்டுவிட்டது, வடிவமைக்கவா?" என்று ஏதேனும் ஒரு மென்பொருள் கேட்டால், ஆம் என்று சொல்லிவிடாதீர்கள். கார்டை அதே கைபேசியில் திரும்ப இட்டு, கோப்புகளை அங்கிருந்து நகலெடுப்பது ஒன்றே வழி.

ஏற்றுதல், உரிமை, தமிழ்ப் பெயர்கள்

லினக்ஸில் ஒரு பகிர்வு தெரிவதும் அதன் கோப்புகள் தெரிவதும் ஒன்றல்ல. பகிர்வை ஓர் அடைவோடு பிணைத்த பிறகுதான் கோப்புகள் அந்த அடைவுக்குள் தோன்றும். இதைத்தான் மவுண்ட் செய்வது, அல்லது ஏற்றுவது, என்கிறோம். க்னோம், கேடிஈ போன்ற முழுமையான மேசைச் சூழல்கள் இதைத் தாமாகவே செய்துவிடும். உபுண்டுவிலும் டெபியனிலும் மீடியா என்ற அடைவுக்குள்ளும், ஃபெடோராவில் ரன் அடைவுக்குள் உள்ள மீடியாவிலும், பயனர் பெயரில் ஓர் இடம் உருவாகி அங்கே கார்டு ஏற்றப்படும். பழைய கணினிக்காக இலகுவான சாளர மேலாளரை மட்டும் நிறுவியிருப்பவர்களுக்கு இந்தத் தானியக்கம் இருக்காது. அவர்களுடைய கணினியில் எல்லாம் சரியாக இருந்தும் கார்டு தெரியாமல் போவதற்கு இதுவே காரணம். யுடிஸ்க்ஸ் என்ற சேவை இருந்தால் அதன் கட்டளையைக் கொண்டு சாதாரணப் பயனரே ஏற்றிக்கொள்ளலாம்.

மவுண்ட் கட்டளையை நேரடியாகச் சுடோவோடு பயன்படுத்தி ஏற்றுபவர்கள் உடனே எதிர்கொள்வது, கோப்புகள் தெரிகின்றன ஆனால் எதையும் எழுத முடியவில்லை என்ற நிலை. ஃபேட்டும் எக்ஸ்ஃபேட்டும் கோப்பின் உரிமையாளர் யார் என்ற தகவலைச் சேமிப்பதே இல்லை. அந்தத் தகவல் இல்லாததால், ஏற்றியவர் யாரோ அவரையே எல்லாக் கோப்புகளுக்கும் உரிமையாளராக லினக்ஸ் வைத்துக்கொள்கிறது. சுடோவோடு ஏற்றினால் உரிமையாளர் ரூட் எனப்படும் நிர்வாகி ஆகிவிடுகிறார். ஏற்றும்போதே யுஐடி என்ற விருப்பத்தில் உங்கள் பயனர் எண்ணைக் கொடுத்துவிட்டால் போதும். தனியாள் கணினியில் அது வழக்கமாக 1000. அனுமதிகளை மாற்றும் கட்டளையைக் கார்டின் மேல் எத்தனை முறை ஓட்டினாலும் பயனில்லை; மாற்றி எழுதி வைக்க அங்கே இடமே கிடையாது.

தமிழில் கோப்புகளுக்குப் பெயரிடுபவர்கள் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். ஃபேட்32-இல் நீண்ட பெயர்கள் 16 பிட் யூனிகோட் குறிகளாகச் சேமிக்கப்படுகின்றன. ஆகவே, 'திருமணப் படங்கள்' என்ற அடைவு கார்டில் பத்திரமாகவே இருக்கும். ஆனால் ஏற்றும்போது எந்த எழுத்துக் குறிமுறையில் அதைக் காட்ட வேண்டும் என்று சொல்லாமல் விட்டு, கெர்னலின் இயல்புநிலை ஐரோப்பிய எழுத்துகளுக்கான ஐஎஸ்ஓ 8859-1 ஆக அமைந்துவிட்டால், தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் கேள்விக்குறியாக மாறித் தெரியும். க-வும் மெய்ப்புள்ளியும் தனித்தனிக் குறிகள் என்பதால், 'க்' என்ற ஓர் எழுத்தே இரண்டு கேள்விக்குறிகளாகும். இதைப் பார்த்துக் கார்டு பழுதாகிவிட்டது என்று பதற வேண்டாம். பகிர்வை இறக்கிவிட்டு (ஏற்றியதை நீக்கிவிட்டு), யுடிஎஃப்8 என்ற விருப்பத்தோடு மீண்டும் ஏற்றினால் பெயர்கள் திரும்பிவிடும். அதுவரையில், கேள்விக்குறிகளைச் சரிசெய்வதாக நினைத்துப் பெயர்மாற்றத்தில் இறங்காமல் இருப்பது நல்லது. மேசைச் சூழல் தானே ஏற்றும்போது இந்த விருப்பத்தைச் சேர்த்தே ஏற்றுவதால், கையால் ஏற்றுபவர்களுக்கே இந்தத் தொல்லை.

எழுத மறுக்கும் கார்டு

எஸ்டி கார்டின் இடப்பக்கத்தில் உள்ள சிறு தள்ளியைக் கீழே நகர்த்தினால் கார்டு பூட்டப்படும் என்று சொல்வார்கள். உண்மையில் கார்டுக்குள் எதுவும் மாறுவதில்லை. தள்ளி எந்த நிலையில் இருக்கிறது என்பதை ரீடரின் துளையில் உள்ள ஒரு தொடுமுனை உணர்ந்து, 'எழுதத் தடை' என்று கணினிக்குச் சொல்கிறது, அவ்வளவே. அதனால் மைக்ரோஎஸ்டியை எஸ்டியாக மாற்றித் தரும் மலிவு அடாப்டர்களில் தள்ளி தளர்ந்து, செருகும்போதே கீழே நழுவிவிட்டால், எழுதத் தடை தானாக விழுந்துவிடும். கெர்னல் பதிவேட்டில் 'ரைட் புரொடெக்ட் இஸ் ஆன்' என்ற வரி தெரிந்தால் முதலில் அடாப்டரை மாற்றுங்கள்.

அந்த வரி 'ஆஃப்' என்று இருந்தும், பாதியில் கார்டு படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போனால், கோப்பு முறைமையில் பிழை இருக்கிறது. ஃபேட் பகிர்வில் முரண்பாடு ஒன்றைக் கண்டதும், மேலும் கெடாதிருக்கக் கெர்னல் எழுதுவதை நிறுத்திவிடுகிறது. பகிர்வை இறக்கிவிட்டு, அந்தக் கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே கட்டளையை ஓட்ட வேண்டும். அதன் பிறகும் அதே நிலை நீடித்தால், கார்டின் ஆயுள் முடிந்துகொண்டிருக்கலாம். தேய்ந்த கார்டுகள் சில, எழுதுவதை மறுத்துப் படிப்பதை மட்டும் அனுமதிக்கும். இருப்பதை நகலெடுத்துக்கொள்ள அது நல்ல நேரம்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினிகளுக்காகக் கார்டில் இயங்குதளப் படிமத்தை எழுதுபவர்கள், எஸ்டிபி என்ற பெயரை மனப்பாடமாகத் தட்டக் கூடாது. பெயர்கள் கண்டறியப்படும் வரிசையில் வழங்கப்படுவதால், நேற்று கார்டாக இருந்த எஸ்டிபி இன்று உங்கள் வெளி ஹார்டு டிஸ்காக இருக்கலாம். ஒவ்வொரு முறையும் வட்டுப் பட்டியலைப் பார்த்து, கொள்ளளவைக் கொண்டு கார்டை உறுதி செய்துகொண்ட பிறகே எழுத வேண்டும்.

கழற்றும் முறை

நகலெடுக்கும் பட்டை முழுதாக நிறைந்தபின்னும் ரீடரின் விளக்கு சிமிட்டிக்கொண்டிருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். லினக்ஸ் தரவை முதலில் கணினியின் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, மெதுவான கார்டுக்கு அதைப் பிற்பாடு எழுதி அனுப்புகிறது. பட்டை நிறைந்தது நினைவகத்துக்குப் போனதைக் காட்டலாம். கார்டுக்குப் போனதை அன்று. அந்த நேரத்தில் பிடுங்கினால் கடைசிக் கோப்புகள் அரைகுறையாகும், கோப்பு முறைமையிலும் முன்பு சொன்ன முரண்பாடு விழும். கோப்பு மேலாளரில் வெளியேற்றும் குறியைச் சொடுக்கி, அது முடிந்ததாகச் சொன்ன பிறகு கழற்றுவதே முறை. முனையத்தில் இருப்பவர்கள் சிங்க் என்ற கட்டளையைக் கொடுத்து, அது திரும்பும்வரை பொறுத்திருந்து, பிறகு பகிர்வை இறக்கலாம்.

வெளியேற்றுவதிலும் இரண்டு வகை உண்டு. 'எஜெக்ட்' என்பது கார்டை மட்டும் விடுவிக்கும். ரீடர் விழித்தபடியே இருக்கும், அடுத்த கார்டை உடனே இடலாம். 'பாதுகாப்பாக அகற்று' என்ற பொருளில் வரும் தேர்வோ, பல சூழல்களில் ரீடரையே யுஎஸ்பி இணைப்பிலிருந்து துண்டித்து, மின்சாரத்தையும் நிறுத்திவிடுகிறது. அதற்குப் பிறகு அதே ரீடரில் வேறு கார்டை இட்டால் ஒன்றும் நடக்காது. பதிவேட்டிலும் ஒரு வரி வராது. திருமண ஆல்பத்துக்காக வரிசையாகப் பல கார்டுகளை நகலெடுப்பவர்கள் இரண்டாவது கார்டிலேயே நின்றுபோவது பெரும்பாலும் இதனால்தான். ரீடரைக் கழற்றி மீண்டும் செருகினால் அது விழித்துக்கொள்ளும். அடுத்தடுத்த கார்டுகளுக்கு எஜெக்ட் தேர்வையே பயன்படுத்தினால் ரீடரைத் தொடவே வேண்டியிருக்காது.